கருவாட்டுக் குழம்புக்கு வளைந்த கோடு

சென்ற மாதம் தினகரன் காரைக்குடிக்கு வந்திருந்தார். என் பணிக்காலத்தின் கடைசிச் சில ஆண்டுகளில் என்னோடு வேலை பார்த்தவர். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அவரும் எண்ணெய் ஆய்வு வேலையை விட்டுவிட்டுச் சூரியனுக்கு மாறிவிட்டார். இப்போது ஒரு சூரிய மின்சக்தி நிறுவனத்துக்கு நிலம் பார்க்கும் அதிகாரி. வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“சார், ஒரு ஊர்ல மீட்டிங் போட்டேன். எல்லாரும் வந்தாங்க, மரியாதையா பேசினாங்க. ஆனா நான் வாங்கிட்டுப் போன ஜூஸை ஒருத்தர் தொடல. பெட்டியோட தூக்கிட்டுத் திரும்பி வந்தேன். இத்தனைக்கும் நாங்க கொண்டு வர்றது சுத்தமான கரண்ட். புகை இல்ல, எண்ணெய் இல்ல. அப்புறம் ஏன் சார் குடிக்க மாட்டேங்கிறாங்க?”

“என்ன ஜூஸ்?”

“மாம்பழம் சார்.”

“மாம்பழத்தில் தப்பில்லை” என்றேன். அதற்கு மேல் விளக்க வேண்டுமானால் என் பழைய மேலதிகாரி சுந்தரேசன் சாரிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினேன். ஓய்வுபெற்றோர் மலருக்குக் கட்டுரை கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களுக்காக அதையே இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அன்றாடம் குறிப்பு எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே குழம்பின் பெயர் உட்பட எதையும் மாற்றவில்லை.

நான் நாச்சியாபுரத்துக்காரன். விவசாயக் குடும்பம். கல்லூரி முடித்ததும், எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நில ஆய்வு செய்து கொடுக்கும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு தொப்பி கொடுத்தார்கள். இரண்டாம் நாள் ஒரு நாய் துரத்தியது. பயிற்சி முடிந்தது.

வேலை இதுதான். பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, நிலத்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் நேராக ஒரு கோடு போடுவார்கள். கோட்டின்மேல் வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் சிறு வெடி வைப்பார்கள். வெடிக்கும்போது எழும் அதிர்வு கீழே போய்ப் பாறையில் மோதித் திரும்பி வரும். அதைக் கேட்பதற்குக் கோடு நெடுகக் கம்பி வைத்த சிறு கருவிகளைக் குத்தி வைப்பார்கள். பானை நல்லதா என்று தட்டிப் பார்ப்பதைப் போன்றதுதான். ஆனால் இந்தப் பானையின்மேல் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்களிடம் முன்கூட்டியே போய், “தட்டலாமா?” என்று கேட்டு அனுமதி வாங்கி வருபவன் நான். முகாமில் எனக்குப் பெயர் ‘பெர்மிட் ஆள்’.

அனுமதி கேட்பதில் முறைகள் இருக்கின்றன. வண்டியை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட வேண்டும். ஜீப்போடு உள்ளே போனால் ஜப்திக்கு வந்திருப்பதாக நினைத்து ஆடுகளை ஒளித்துவைப்பார்கள். போனதும் ஆளைக் கேட்கக் கூடாது. “இங்குட்டு எங்கயாச்சும் நெழல் இருக்கா?” என்று கேட்க வேண்டும். நிழலைக் காட்டுகிறவர் கூடவே வந்து உட்காருவார். வரைபடத்தை அவர்கள் கேட்கும்வரை விரிக்கக் கூடாது. விரித்த பிறகு ஊரின் பெயரை நாம் சுட்டிக் காட்டக் கூடாது. ஊர் தன் பெயரைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் வரைபடத்தின்மேல் ஒரு பாசம் வந்துவிடும். வெடி என்ற சொல்லை மட்டும் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் வாயால் அது வந்தால் குண்டாகிவிடும்.

கேள்விகளுக்கும் தயாராக இருக்க வேண்டும். கொத்தமங்கலம் பக்கம் ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “கீழ இருக்கறது பெட்ரோலா டீசலா? டீசல்னா எனக்கு வேணாம்ப்பா, டிராக்டரை வித்துட்டேன்” என்று கையெழுத்துப் போட மறுத்தார்.

சுந்தரேசன் சார் எங்கள் முகாம் தலைவர். தமிழர்தான். ஆனால் வடகிழக்கில் ஓர் எண்ணெய் நகரத்துக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். தமிழை அம்மாவிடம் பாதியும் வானொலிச் செய்தியில் மீதியும் கற்றுக்கொண்டதால், அவர் டீ கேட்டாலே மாநிலச் செய்தி போல இருக்கும். “முத்துக்கருப்பன், தேநீர் வந்து சேர்ந்ததா?” என்பார். அவரிடம் மூன்று குணங்களைக் கண்டேன். ஒன்று, பொய் சொல்லமாட்டார். தொலைபேசி வந்தால் ‘நான் இல்லை என்று சொல்’ என்றுகூடச் சொல்லமாட்டார். இரண்டு, எதுவும் கோணலாக இருக்கக் கூடாது. கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து முகாம் வைத்திருந்தோம். பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே எங்கள் கம்பிச் சுருள்கள் காய்ந்துகொண்டிருக்கும். சார் காலையில் எழுந்ததும் முகப்பில் மாட்டியிருக்கும் வீட்டுக்காரரின் முன்னோர் படங்களை ஒவ்வொன்றாக நேராக்குவார். யாருடைய தாத்தாவோ சாய்ந்திருந்தால் இவருக்குத் தூக்கம் வராது. கோட்டுக்கும் அதே விதி. “கோடு என்றால் நேராக இருக்க வேண்டும். வளைந்தால் தரவு கெடும்” என்பார்.

மூன்றாவது, சாப்பாடு. மக்கள் தருவதை மறுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைக்கு அவர் வயிறு முழு ஒத்துழைப்பு கொடுத்தது.

இனி அந்த ஊர். சாக்கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் படிப்பவர்கள். அங்கே கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிக்கிற தண்ணீருக்கு இருப்பது ஓர் ஊருணி மட்டும். யாரும் அதில் கால் வைக்கமாட்டார்கள், குடம் மட்டும்தான் இறங்கும். மேட்டில் பெய்யும் மழை ஒரு வரத்துக்கால் வழியாக வளைந்து வளைந்து வந்து அதில் சேரும். அடியில் இருக்கிற களிமண்தான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. எங்கள் கோடு அந்த வரத்துக்காலை வெட்டிக்கொண்டு, ஊருணிக் கரையை உரசிக்கொண்டு போனது.

டெல்டாப் பக்கம் எண்ணெய்க் கிணறுகளுக்கு எதிராகக் கூட்டமும் ஊர்வலமும் நடந்துகொண்டிருந்த காலம் அது. இந்த ஊரில் ஊர்வலம் இல்லை. அம்பலகாரர் இருந்தார். அம்பலகாரர் என்றால் ஊர்த் தலைவர். வழிவழியாக வரும் பொறுப்பு. அவருக்குப் பக்கத்தில் சரசு இருந்தார். ஊராட்சி வார்டு உறுப்பினர், சொந்தமாக விவசாயம் பார்ப்பவர், என் வயதுதான் இருக்கும். அம்பலகாரரை மாமா என்று கூப்பிடுவார். ஆனால் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது பார்த்தாலே தெரியும்.

முதல் பேச்சுவார்த்தை வேப்ப மரத்தடியில் நடந்தது. சார் வரைபடத்தை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்து, கல்லையும் நேராக வைத்தார். சரசு எட்டிப் பார்த்தார்.

“சார், ஒங்க கோடு நேரா வருது. எங்க தண்ணி வளைஞ்சு வருது. யாரு வழி விடணும்?”

“அம்மா, துளையினால் ஊருணிக்குப் பாதிப்பு வராது. கணக்கிட்டுப் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் வராது.”

“பெரும்பாலுமா?”

பொய் சொல்லத் தெரிந்த அதிகாரியாக இருந்தால் அந்த இடத்தில் அந்தச் சொல்லை விழுங்கியிருப்பார். சார், “ஆம், பெரும்பாலும்” என்றார்.

“அந்தப் பெரும்பாலும்ல கொஞ்சம் மிச்சம் இருக்குல்ல சார், அதுலதான் நாங்க தண்ணி குடிக்கிறோம்.”

சார் விடவில்லை. “தாங்கள் பம்புசெட்டுக்கு என்ன ஊற்றுகிறீர்கள்?”

“டீசல்.”

“அது எங்கிருந்து வருகிறது?”

“சாக்கோட்டை ரோட்டுப் பங்க்ல இருந்து.”

“அந்தப் பங்குக்கு எங்கிருந்து வருகிறது? எங்கோ ஓர் ஊரில் யாரோ துளையிட ஒப்புக்கொண்டார்கள். ஆகையால்தான் தங்கள் வயலில் நீர் பாய்கிறது. எல்லா ஊரும் மாட்டேன் என்றால் எப்படி?”

நியாயமான கேள்விதான். நான் வந்த மோட்டார் சைக்கிளும் பெட்ரோலில்தான் ஓடியது.

அம்பலகாரர் தொண்டையைச் செருமினார். “அவரு சொல்றதும் நெசந்தான். எம் மவன் வளைகுடாவுல இதே வேலைதான் பாக்குறான். ஆனா சார், அங்க ஓட்டை போடுற எடத்துல ஊருணி இல்ல. ஒட்டகந்தான் நிக்கிது.”

“ஒட்டகத்துக்கிட்ட யாராச்சும் கேட்டாகளான்னு ஒங்க மவனைக் கேளுங்க மாமா” என்றார் சரசு. பிறகு சாரிடம் திரும்பி, “நாங்க வேணாம்னு சொல்லல சார். வரத்துக்காலையும் ஊருணியையும் விட்டு அங்குட்டுத் தள்ளிப் போங்க. அம்புட்டுத்தான்” என்றார்.

“கோடு வளைய இயலாது, அம்மா.”

“தண்ணியும் மேட்டுல ஏறாது சார்.”

அன்று அத்தோடு கலைந்தோம். சார் சோர்ந்துவிடவில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கொத்தமங்கலம் முகாமுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டுப் பேசுவது என்று முடிவு செய்தார். காரைக்குடியிலிருந்து நல்ல சமையல்காரரை வரவழைத்தார். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கோழி, மட்டன் சுக்கா, இறால், கவுனி அரிசி இனிப்பு. சார் இலைகளை ஒரே வரிசையில் போட வைத்து, நூல் பிடித்தது போல இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

அம்பலகாரர், சரசு, இன்னும் பத்துப் பேர் போல வந்தார்கள். கும்பிட்டார்கள். தூண்களைத் தடவிப் பார்த்தார்கள். பேசினார்கள். இலை போட்டிருக்கிறது என்றதும், “இருக்கட்டும் சார், இன்னொரு நாளைக்குப் பாப்போம்” என்று எழுந்துவிட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஊரிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்திருந்த ஊருணித் தண்ணீரை வாசலில் நின்று குடித்துவிட்டுப் போனார்கள்.

சார் வெறும் இலைகளுக்கு நடுவில் நின்றார். “முத்துக்கருப்பன், அவர்கள் ஏன் உணவருந்தவில்லை? இறால் ஒவ்வாதா?”

நான் விளக்கினேன். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால், பேச்சு முடிந்து சம்மதம் ஆகும்வரை அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். அதாவது, உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவினால் சம்மதம் என்று பொருள். பிறகு பேச்சை மாற்ற முடியாது. கல்யாணத்துக்கு உள்ள இந்த வழக்கத்தை இந்த ஊர் எல்லாப் பேச்சுவார்த்தைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறது. கோடு எங்கே போகும் என்று முடிவாகாமல் நம் இலையில் கை வைக்கமாட்டார்கள்.

சாரின் முகம் மலர்ந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

“அதாவது, அவர்கள் கை நனைத்துவிட்டால் சம்மதம்?”

“ஆமாம் சார்.”

“எழுத்துப்பூர்வமாகக்கூட வேண்டாம்?”

“எழுத்தை மாற்றினாலும் மாற்றுவார்கள், இதை மாற்றமாட்டார்கள்.”

“அப்படியானால் நம் பணி எளிது” என்று சொல்லிவிட்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். இறால் நன்றாக இருந்தது என்று அன்றைய குறிப்பில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் முகாம் நில ஆய்வை இரண்டாமிடத்தில் வைத்துவிட்டு விருந்தோம்பலில் இறங்கியது. ஊருக்குப் போகும் பாதையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். மோர், பானகம், எலுமிச்சைச் சாறு. அடுத்த ஊர்க்காரர்கள் வயிறு நிறையக் குடித்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் நாக்கு வறண்டு வந்து, பந்தலின் நிழலில் மட்டும் நின்று இளைப்பாறிவிட்டு, “நல்ல காரியம் சார், செஞ்சுக்கிட்டே இருங்க” என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் இருமிக்கொண்டே பந்தலுக்கு வந்தார். எங்கள் ஓட்டுநர் அந்தோணி சட்டைப் பையிலிருந்து ஓர் இருமல் மிட்டாய் கொடுத்தார். பெரியவர் வாயில் போட்டுக்கொண்டார். அந்தோணி முகாமுக்குப் பறந்து வந்து செய்தி சொன்னார். சார் உடனே ஊருக்குக் கிளம்பினார். அம்பலகாரர் நிதானமாக விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார். “மிட்டாய்ங்கறது சரிதான். ஆனா இருமலுக்குக் குடுத்தது. மருந்து கணக்குல வராது.”

இன்னொரு நாள் காரைக்குடியில் ஒரு கல்யாணம். இரு தரப்புக்கும் அழைப்பு இருந்தது. ஒரே பந்தியில், எதிர் எதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சார் கை கழுவும் இடத்திலேயே அம்பலகாரரைப் பிடித்துவிட்டார். “ஐயா, நாம் இருவரும் ஒன்றாகக் கை நனைத்துவிட்டோம்.”

“நனைச்சோம் சார். அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம்னு நனைச்சோம். பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருக்கட்டும்” என்று சொல்லி அம்பலகாரர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

மஞ்சுவிரட்டு வந்தது. சார் பெரிய அண்டாக்களில் சர்பத் கலக்கி வைக்கச் சொன்னார். மனிதர் யாரும் வரவில்லை. அம்பலகாரரின் காளை வந்தது. ஓடி முடித்த களைப்பில் நேராக அண்டாவுக்குள் முகத்தை விட்டு, நன்னாரி சர்பத்தை அடிவரை குடித்துவிட்டு நிமிர்ந்தது. சுற்றிலும் ஊர் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

சார் மெதுவாக அம்பலகாரர் அருகே போனார். “ஐயா, தங்களை ஒன்று கேட்கலாமா? இந்தக் காளையைத் தாங்கள் எப்படிக் கருதுகிறீர்கள்?”

அம்பலகாரர் நெஞ்சை நிமிர்த்தினார். “எனக்குப் பிள்ளை மாதிரி சார். மாதிரி என்ன, பிள்ளையேதான். எம் மவன் வளைகுடாவுல இருக்கான், இவன்தான் கூட இருக்கான்.”

“அப்படியானால் தங்கள் குடும்பத்தில் ஒருவர் எங்கள் சர்பத்தை அருந்திவிட்டார்.”

அம்பலகாரரின் நெஞ்சு இறங்கிவிட்டது. பிள்ளை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. காளை பக்கத்திலேயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கே ஒரு கணம், ஊருணி கையை விட்டுப் போய்விட்டது என்று தோன்றியது. அப்போது சரசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“பிள்ளைதான் சார். யாரு இல்லைன்னா? ஆனா வயசு நாலுதான் ஆகுது. மைனரு. மைனர் சம்மதம் செல்லாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? பத்திரம் பாக்குற ஆளுதானே முத்துக்கருப்பண்ணே, நீங்க சொல்லுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “செல்லாது” என்றேன். வேறு என்ன சொல்வது? சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையசைத்து, “சட்டப்படி அது சரி” என்றார். ஊர் ஆர்ப்பரித்தது. காளைக்கு யாரோ துண்டு போட்டார்கள்.

மற்ற எல்லா ஊர்களிலும் கோடு முடிந்துவிட்டது. இந்த ஓர் ஊர்தான் நடுவில் பல் விழுந்த இடம் போல நின்றது. தலைமை அலுவலகம் தினமும் அழைத்தது. போலீஸ் பாதுகாப்போடு துளையிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அனுமதி மேலே கிடைத்துவிடும், எங்கள் தரப்பில் சார் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அந்தத் தாளை மேசையில் வைத்து, நேராக்கி, நேராக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடவில்லை. “நாளை கடைசியாக ஒருமுறை கோட்டை நடந்து பார்ப்போம்” என்றார்.

கத்திரி வெயில். அம்பலகாரரும் சரசுவும் கூட வந்தார்கள். வரத்துக்கால் தொடங்கும் செம்மண் மேட்டில் சரசு செருப்பைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம். அந்த வரத்துக்காலில் யாரும் செருப்போடு நடப்பதில்லை. சார் பூட்ஸைக் கழற்றி, இரண்டையும் இணையாக வைத்துவிட்டு இறங்கினார். மண் சுட்டது. மாநிலச் செய்தி வாசிக்கும் குரலில் “ஆ, ஆ” என்றபடி நடந்தார்.

சரசு முன்னால் போய்க் காட்டிக்கொண்டே வந்தார். இங்கே ஒரு பாறை இருந்ததால் தண்ணீர் இங்குட்டுத் திரும்புகிறது. இந்த மரத்தை வெட்டக் கூடாது, வேர்தான் கரையைப் பிடித்திருக்கிறது. இந்த இடத்தில் மண் சரிந்தபோது ஊரே கூடை எடுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருந்தது. நடுவில் எங்கள் சிவப்புக் கொடி கட்டிய முளைக்குச்சிகள் எதற்கும் வளையாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தன. சார் முதலில் குச்சிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தார். பாதி வழிக்கு மேல் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நடந்தார். கரை ஏறியதும் தலை சுற்றுகிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

சரசுவின் வீடு பக்கத்தில்தான். தூக்கிக்கொண்டு போய் விசிறியடியில் உட்கார வைத்தோம். சரசு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். சார் வாங்கக் கையை நீட்டி, நிறுத்தி, அம்பலகாரரைப் பார்த்தார்.

“குடிங்க சார். மயக்கத்துக்குக் குடுக்கறது. மருந்து” என்றார் அம்பலகாரர்.

சார் முழுச் செம்பையும் குடித்தார். குடித்துவிட்டுச் செம்பின் உள்ளே பார்த்தார். “இதுவா ஊருணித் தண்ணீர்?”

“இதேதான் சார்.”

முகம் தெளிந்தது. அப்போதுதான் அடுப்படியிலிருந்து அந்த வாசனை வந்தது. சார் மூக்கைத் தூக்கினார். “முத்துக்கருப்பன், இது என்ன மணம்?”

சரசுதான் பதில் சொன்னார். “கருவாட்டுக் குழம்பு சார். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டிருக்கு. ஆனா ஒங்களுக்குப் போட முடியாது.”

“ஏன்?”

“போட்டா கை நனைச்சதாப் போயிரும். அப்பறம் நாங்க சொன்னதுக்கு நீங்க ஒத்துக்கிட்டதா அர்த்தம். கோட்டைத் தள்ளி வைக்கணும். மயக்கத்துல இருக்க மனுசனை ஏமாத்திச் சோறு போட்டாகன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதுல்ல? அதான் முன்னக்கூட்டியே சொல்லிட்டேன். அந்தோணி அண்ணன்ட்டச் சொல்லுங்க, வண்டியக் கொண்டாரட்டும். முகாமுல போயிச் சாப்பிடுங்க.”

சார் மடியில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். விரலால் கோட்டின்மேல் ஒருமுறை தடவினார். வாசல் வழியாக ஊருணிக் கரை தெரிந்தது. ஒரு பெண் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் முகந்துகொண்டிருந்தாள். சார் வரைபடத்தை முனைக்கு முனை பொருத்தி மடித்து என்னிடம் கொடுத்தார்.

“முத்துக்கருப்பன், கை கழுவ எங்கே செல்ல வேண்டும்?”

அம்பலகாரர் எழுந்தே நின்றுவிட்டார். “சார், தெளிவாத்தான் இருக்கீகளா?”

“மிகத் தெளிவாக இருக்கிறேன், ஐயா.”

சரசு உள்ளே போய் வட்டிலை எடுத்துவந்தார். அதைத் தம் முந்தானையால் துடைத்த பிறகு இன்னொரு முறை துடைத்தார். சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, பிறகு மோர். சார் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை, சரசுவாகவே ஊற்றினார். சாப்பிட்டு முடித்து முற்றத்துக்கு வந்து கையை நீட்டினார். அம்பலகாரரே செம்பை வாங்கித் தண்ணீர் ஊற்றினார். வாசலில் அதற்குள் பாதி ஊர் கூடியிருந்தது. கையில் தண்ணீர் விழுந்ததும் ஒரு குலவை எழுந்தது. நிச்சயதார்த்தம் முடிந்த வீடு போலவே இருந்தது.

மறுநாள் குச்சிகளைப் பிடுங்கி நட்டோம். கோடு ஊருணியை விட்டு நன்றாகத் தள்ளி, வரத்துக்காலையும் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் போய்ப் பழைய பாதையில் சேர்ந்தது. தள்ளிய கோடு போன நிலக்காரர்கள் ஒருவர்கூட மறுக்கவில்லை. துளையிட்ட நாட்களில் எங்கள் ஆட்களுக்கு அந்த ஊரில்தான் சாப்பாடு.

தலைமை அலுவலகம் சும்மா விடுமா? காரணம் கேட்டார்கள். ஊர்க்காரர்களிடமிருந்து எதையாவது பெற்றுக்கொண்டு கோட்டை மாற்றினீர்களா என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். சார் மறைக்கவில்லை. “பெற்றுக்கொண்டேன்” என்றார். அதிகாரி பேனாவைத் திறந்தார். சார் சோறு, கருவாட்டுக் குழம்பு, முட்டை, மோர் என்று வரிசையாகச் சொன்னார். குழம்பு மூன்று முறை என்பதையும் விடவில்லை. அதிகாரி பேனாவை மூடிவிட்டார். சாருக்கு வர வேண்டிய பதவி உயர்வு அந்த ஆண்டு வரவில்லை. கோடு வளைந்ததைத்தான் அதற்குக் காரணமாகச் சொன்னார்கள்.

முகாமின் சுவரில் அந்த வரைபடம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மாவட்டம் முழுக்க நேர்க்கோடுகள். ஓர் இடத்தில் மட்டும் ஒரு வளைவு. சார் காலையில் தாத்தாக்களை நேராக்கிவிட்டு இங்கே வருவார். சட்டத்தை நேராக்குவார். வளைவைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். போய்விடுவார்.

அவர் மாற்றலாகிப் போகிற அன்று கேட்டே விட்டேன். “சார், அன்றைக்கு ஏன் சாப்பிட்டீர்கள்?”

“பசித்தது, முத்துக்கருப்பன்.”

அவர் பொய் சொல்லமாட்டார் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆகவே பசித்தது என்பதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு இந்தப் பக்கம் எண்ணெய்த் திட்டமே அடங்கிப்போனது. எதனால் என்று எனக்குத் தெரியாது. கீழே எண்ணெய் இருக்கிறதா என்று சிலர் கேட்பார்கள். பூமியில் காதை வைக்க அனுமதி வாங்கியவன்தான் நான். கேட்டதைப் படித்தவர்கள் வேறு. ஊருணியில் தண்ணீர் இருக்கிறது. அது எனக்குத் தெரியும்.

இவ்வளவையும் தினகரன் காபி ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், “அப்ப ஜூஸைத் தொடாததுக்கு இதான் சார் காரணமா?” என்றார்.

“இதுதான். நீங்கள் மீட்டிங் போட்ட ஊர் எது?”

சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே ஊர்.

“உங்கள் பேனல் எங்கே வருகிறது?”

“அந்த செம்மண் மேடு சார். நல்ல வெயில் விழுது. எங்க இன்ஜினியர் சூப்பர் சைட்னு சொல்றாரு. ஆனா நடுவுல ஏதோ பழைய கால்வாய் போகுது. அதைச் சமப்படுத்தக் கூடாது, தள்ளிப் போடுங்கன்னு ஒரு அம்மா நிக்குது. வார்டு மெம்பரா இருந்தவங்களாம். நான் சொன்னேன், இது எண்ணெய் இல்லம்மா, சுத்தமான கரண்ட், உலகத்துக்கே நல்லதுன்னு. அதுக்கு அவங்க, ‘ஒலகத்துக்கு நல்லது பண்றவுக எல்லாம் எங்க வரத்துக்கால் வழியாத்தான் போகணுமா தம்பி?’ன்னு கேக்குறாங்க.”

சரசுவின் குரல் அப்படியே காதில் விழுந்தது. கொஞ்சம் பயத்தோடு அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

“தினகரன், அந்த ஊரில் நீங்கள் எதுவும் சாப்பிடவில்லையே?”

“சாப்பிட்டேனே சார். மீட்டிங் முடிஞ்சதும் அந்த அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. ‘சாப்பிட்டா நாங்க சொல்றதுக்கு ஒத்துக்கிட்டதா அர்த்தம் தம்பி, யோசிச்சுக்கங்க’ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. தமாஷ் பண்றாங்கன்னு நினைச்சேன். கருவாட்டுக் குழம்பு சார். அடேயப்பா.” சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார். முகம் மெல்ல மெல்ல மாறியது. “சார்... வெளிய வந்து கை கழுவுறப்ப எல்லாரும் குலவை போட்டாங்க. விருந்தாளிக்கு அப்படிப் போடுற வழக்கம்னு நினைச்சுட்டேன்.”

நான் எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்து வந்து மாட்டிக்கொண்டேன்.

“வரைபடத்தை எடுங்கள்” என்றேன். “எங்குட்டு வளைக்கலாம் என்று பார்ப்போம்.”